ஒரு நாற்காலி போதுமா?

பிரெஞ்சு வழியில் படித்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம், காலையில் காப்பியோடு பிரெஞ்சுச் செய்திகளைப் பார்ப்பது. கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் பெண்கள் என்ற விஷயம் அங்கே அடிக்கடி அடிபடும். நம்மூரில் அதைப் பேசுபவர்கள் குறைவு.

பிரான்சிலும் இது சுலபமாக வரவில்லை. நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒதுக்கீட்டை 2006-இல் அரசியல் சாசன மன்றம் செல்லாது என்றது. 2008-இல் சாசனத்தையே திருத்தினார்கள். 2011 ஜனவரியில் கொப்பே-சிம்மர்மான் சட்டம் வந்தது. பங்குச்சந்தைக் கம்பெனிகளில் 2014-க்குள் 20 சதவீதம், 2017-க்குள் 40 சதவீதம். மீறி நியமித்தால் நியமனம் செல்லாது. இயக்குநர்களுக்குக் கூட்டப்படியும் நிறுத்தப்படும். படியில் கை வைத்ததும் தகுதியான பெண்கள் கிடைத்துவிட்டார்கள்! இன்று பெரிய கம்பெனிகள் 40-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் நிர்வாகத் தலைமையில் இன்னும் ஆண்களே அதிகம். அதற்காக 2021-இல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள்.

நம் நாட்டில் 2013 கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தைக் கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. சில முதலாளிகள் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை முடித்தார்கள். பிறகு செபி, முதல் 1,000 கம்பெனிகளில் முதலாளி குடும்பத்தைச் சாராத ஒரு பெண் இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் இருந்து கட்டாயமாக்கியது.

அந்த 'ஒரு' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் கொள்முதல் கமிட்டியில் ஐந்து பேர். அதில் ஓர் அம்மையார். விதிகள் அவருக்கு மனப்பாடம். டெண்டரில் குறை சொன்னால், "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்பார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதும், டீ சொல்லி அனுப்புவதும் அவர் தலையில். இரண்டு வருடம் கழித்து, மாற்றலில் மேலும் இரண்டு பெண் அதிகாரிகள் அந்தக் கமிட்டிக்கு வந்தார்கள். அம்மையார் வழக்கம்போல் ஒரு குறை சொன்னார். "மேடம் சொல்றதைக் குறிப்பில் ஏத்துங்க" என்றார் மற்றவர். அன்று அந்தக் கோப்பு கையெழுத்தாகாமல் திரும்பி என் மேசைக்கே வந்தது. அம்மையார் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நம் வாசகர்களில் பலர் சேமிப்பில் நாலு பங்காவது வைத்திருப்பீர்கள். ஆண்டறிக்கை வந்தால் டிவிடெண்டோடு நிறுத்தாமல் இயக்குநர் பட்டியலையும் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர்? அதில் முதலாளி வீட்டார் எத்தனை பேர்? ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கவும் பல கம்பெனிகள் வசதி தருகின்றன. நமக்குத்தான் நேரம் இருக்கிறதே!