எந்தத் தோட்டா?

மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பது இலங்கையில் இருந்துகொண்டு இன்று எவரும் வாய்விட்டுக் கேட்கக்கூடிய கேள்வியன்று. புள்ளிமானும் மரையும் சட்டத்தால் காக்கப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தபோது உரிமத்தோடு சுடுவதற்கு இடமிருந்தது. பின்னர் அந்தக் கதவும் மூடப்பட்டது. மூடப்பட்டது நல்லதே என்பதுதான் என் கருத்து.

இருந்தும் அந்தக் கேள்வி சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசி வழியாக என்னிடம் வந்தது. கேட்டவன் ஒன்ராறியோவில் வாழும் என் பெரியப்பாவின் பேரன். அங்கே முறைப்படி உரிமம் பெற்று, பருவகாலத்தில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவன். புதிதாக ஒரு நெம்புகோல் துவக்கு வாங்கியிருக்கிறான். "சித்தப்பா, அப்பப்பாவோட காட்டுக்குப் போனவர் நீங்கள்தானே. 150 கிறெயினா, 170 கிறெயினா?" என்றான்.

அவன் சொன்ன துவக்கை நம்மவர்கள் கௌபோய்ப் படங்களில்தான் பார்த்திருப்பார்கள். விசைக்குக் கீழே வளையம் போன்ற நெம்புகோல். அதைக் கீழிறக்கி மேலேற்றினால் சுட்ட கோது வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். ஜோன் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 அவ்வகையில் மிகப் புகழ் பெற்றது. 70 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்குரிய 30-30 தோட்டாவில் குண்டின் எடை பெரும்பாலும் 150 கிறெயின் அல்லது 170 கிறெயின். ஏறத்தாழப் பத்துக் கிராமும் பதினொரு கிராமும். கிட்டத்தில் நின்று சுடும் மானுக்கு இரண்டில் எதுவும் போதும் என்பதே அனுபவசாலிகளின் தீர்ப்பு.

எடையைவிட முனை முக்கியம். இந்தத் துவக்கில் தோட்டாக்கள் குழலின் அடியில் உள்ள நீண்ட குழாயொன்றில், ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னாலுள்ள தோட்டாவின் முனை முன்னாலுள்ளதன் பற்றவைப்பு மூடியில் முட்டிக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் முன்னாலுள்ள தோட்டா குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் தட்டை முனையோ மழுங்கிய முனையோ உள்ள குண்டு வேண்டும் என்றார்கள். இந்த நூற்றாண்டில், அழுத்தினால் வளைந்துகொடுக்கும் மென்முனை வந்த பிறகுதான் கூர்வடிவக் குண்டுக்கும் இதில் இடம் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் றைபிள் அரிது. பெரியப்பாவிடம் இருந்தது பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற பன்னிரண்டு போர்த் துவக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் அக்குழலின் வாய். தோட்டாக்களை அவர் தகரப் பெட்டியில் பிரித்து வைத்திருப்பார். ஆறாம் நம்பரில் ஒரு அவுன்சுக்கு 270 சன்னங்கள். அது காட்டுக்கோழிக்கும் புறாவுக்கும். எஸ்.ஜி.யில் ஒரு அவுன்சுக்கு 8, எல்.ஜி.யில் 6. அவை பன்றிக்கும் மானுக்கும். கடதாசிக் கோதுத் தோட்டாக்கள் மார்கழி மழையில் ஊதிவிடும், குழலுக்குள் நுழையா. ஆதலால் பெட்டியின் இடம் எப்போதும் அடுப்படிப் பரண்.

திருக்கோவிலுக்கு மேற்கே சாகாமம், கஞ்சிகுடிச்சாறு என்று வட்டைகள் முடிந்து காடு தொடங்கும் இடங்களில் அவருக்கு ஒரு வாடி இருந்தது. முப்பது பாகத்துக்கு அப்பால் நிற்கும் விலங்குக்கு அவர் வெடி வைத்ததை நான் கண்டதில்லை. எஸ்.ஜி. சன்னங்கள் தூரம் போகப் போக விரிந்துவிடும். ஒன்றோ இரண்டோ வயிற்றில் பட்டால் விலங்கு ஓடிவிடும். எங்கோ பற்றைக்குள் கிடந்து இரண்டு நாளில் சாகும். "வெடி வைக்கிறது லேசு. வெடிபட்டதைத் தேடிப் போறதுதான் கஷ்டம்" என்பார். இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்து விடியும்வரை அவர் நடந்ததுண்டு.

அவரோடு அக்கரைப்பற்றிலிருந்து வரும் ஒருவரை எல்லோரும் காக்கா என்றே அழைப்போம். காக்காவின் கணக்கு வேறு. வெடியால் செத்ததை அவர் உண்ணமாட்டார். விலங்கில் உயிர் இருக்கும்போதே போய் இறைவன் பெயர் சொல்லி அறுக்கவேண்டும். ஆகவே வெடி கேட்டதும் கத்தியோடு முதலில் ஓடுபவர் அவர்தான். பிந்திவிட்டால் அன்றைய இறைச்சியில் அவருக்குப் பங்கில்லை; அதுபற்றி அவர் குறைப்பட்டதுமில்லை. அந்த விலங்கு எப்படிச் சாகிறது என்பது இருவருக்குமே ஒரு பொருட்டாக இருந்தது. தோட்டாவைத் தெரிவதும், தூரத்தை அளப்பதும், கத்தியோடு ஓடுவதும் அந்தப் பொறுப்பின் பகுதிகள்.

போர் வந்தது. துவக்குகள் வீடுகளை விட்டுப் போயின. காடு ஆயுதம் தரித்தவர்களின் இடமாயிற்று. கிழக்கில் 2007இல் சண்டை ஓய்ந்தபின் மக்கள் வட்டைகளுக்குத் திரும்பினார்கள். பன்றியும் யானையும் அங்கேயே இருந்தன. பழைய துவக்கின் இடத்தை நாட்டின் பல பாகங்களில் இரண்டு பொருள்கள் பிடித்துக்கொண்டன.

ஒன்று கட்டுத்துவக்கு. ஒரு இரும்புக் குழாய், கொஞ்சம் வெடிமருந்து, கிடைத்த இரும்புத் துண்டுகள், விலங்கின் வழியில் குறுக்கே ஒரு கம்பி. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படும் குழாயின் வாய், மனிதனின் முழங்காலுக்கு நேராக இருக்கும். விறகுக்குப் போனவரும் மாடு தேடிப் போனவரும் காலை இழக்கிறார்கள், சிலர் உயிரையும். மற்றது ஹக்கபட்டாஸ். சிங்களத்தில் 'ஹக்க' என்றால் தாடை. நம்மவர்கள் வாய்வெடி என்பார்கள். பூசணித் துண்டுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து போட்டுவிடுவார்கள். பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடிக்கும். தாடை சிதைந்த யானை உடனே சாவதில்லை. உண்ண முடியாமல், குடிக்க முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். 2020 மே மாதம் கேரளத்தில் கருவுற்ற யானையொன்று ஆற்றுநீரில் நின்றபடியே இறந்த படத்தைப் பார்த்து உலகம் கலங்கியது. அந்த மரணம் நமக்குப் புதிதன்று.

இலங்கையில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் தலா 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. சூடு, மின்சாரம், ரயில், வாய்வெடி என்று காரணங்கள் பல. அதே ஆண்டுகளில் யானையால் இறந்த மனிதர்களின் தொகையும் ஆண்டுக்கு நூறைத் தாண்டியது. ஒரே இரவில் ஒரு போகத்து வேளாண்மையை இழந்தவனிடம் போய் ஜீவகாருண்யம் பேசும் துணிவு எனக்கில்லை. அவனுக்கு உரிய நேரத்தில் நட்டஈடு வேண்டும், வேலி வேண்டும், இரவில் அழைத்தால் வந்து நிற்கும் உத்தியோகத்தர் வேண்டும்.

ஆனால் அவன் கையிலுள்ள கருவியைப் பற்றிப் பேசலாம். நிலக்கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. மிதிப்பவன் சிப்பாயா, பள்ளிப் பிள்ளையா என்று கண்ணிவெடி பார்ப்பதில்லை என்பதே அதற்கு எதிரான முதல் வாதம். கட்டுத்துவக்கும் வாய்வெடியும் அப்படிப்பட்டவைதான். போர்க்களத்தில் கூடாது என்று நாம் ஏற்றுக்கொண்ட ஒன்றை வயல் வரம்பில் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். இவற்றைத் தடைசெய்யச் சட்டம் உண்டு. ஊரில் இதை வெட்கத்துக்குரிய செயலாகக் கருதும் மனம்தான் இன்னும் உருவாகவில்லை.

ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் எங்கள் சித்திர வேலாயுதர் கோவிலில் தங்கி, உகந்தை, குமண வழியாக யால காட்டுக்குள் நடப்பார்கள். அவர்கள் தேடிப்போகும் வள்ளி மானின் வயிற்றில் பிறந்து வேடர் குடிலில் வளர்ந்தவள். மானையும் வேடரையும் ஒரே குடும்பத்தில் வைத்துப் பார்த்த மரபு நம்முடையது.

கனடாப் பையனுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. எடையைப் பற்றி அதிகம் யோசிக்காதே, முனையைப் பார். முடிந்தால் ஈயத்தை விட்டுச் செப்புக் குண்டு வாங்கு. வடக்கு டகோட்டாவில் 2008இல் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டை இறைச்சி உண்டவர்களிடம் ஈயம் கூடுதலாக இருந்தது; கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடுத்துவிட்டது. உன் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றது, தெளிவாகத் தெரியாத எதற்கும் வெடி வைக்காதே; வைத்தால் தேடிப் போ.

இதில் கடைசி இரண்டும் அவனுடைய அப்பப்பாவின் சொற்கள்.