நினைவிலிருந்து ஒரு ஹிஜாஸ்

அந்தமானின் போர்ட் பிளேரில் தொழுகைக்கு நிற்பவர் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்ப வேண்டும். அங்கிருந்து மக்கா ஏறக்குறைய 5,700 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு இழுத்தால் ஒரு வேடிக்கை தெரியும். வங்கக் கடலைத் தாண்டும் கோடு ஆந்திரக் கரையில் ஏறி, தக்காணத்தைக் கடந்துதான் அரபிக் கடலில் இறங்குகிறது. 1858 மார்ச்சில் கைதிகளைக் அங்கே கொண்டுவந்து இறக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியார் இதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். நாடுகடத்தப்பட்டவன் தினம் ஐந்து வேளை நாட்டின் பக்கமே முகம் வைத்து நின்றான்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் முஃப்தி இனாயத் அகமது காகோரவி. பரேலியில் கம்பெனியின் நீதித்துறையில் சம்பளம் வாங்கியவர். 1857இல் எழுச்சியின் பக்கம் சாய்ந்தார். தீர்ப்பு எழுதியவருக்கே தீர்ப்பு வந்தது.

தீவில் புரட்டிப் பார்க்க நூல்கள் கிடையாது. இருந்தும் அரபுச் சொல்லிலக்கணத்தைப் பாரசீகத்தில் 'இல்முஸ் ஸீகா' என்று எழுதினார். நபிகளின் வரலாற்றை உருதுவில் எழுதினார். இரண்டும் நினைவிலிருந்தே. அட்டையும் அடைமழையுமான காட்டில் உட்கார்ந்துகொண்டு, மழையே அபூர்வமான அரேபியாவின் ஹிஜாஸ் பகுதியை எழுதியிருக்கிறார்: மக்காவின் மொட்டைக் குன்றுகள், பத்ருக் கிணறுகள், மதீனாவின் பேரீச்சந்தோப்புகள். திண்ணைப் பள்ளியில் நிகண்டை உருப்போட வைத்ததை இன்று கேலி பேசுகிறோம். கேலி பேசுகிறவர்களுக்குத் தங்கள் வீட்டாரின் தொலைபேசி எண்ணே நினைவில் இருப்பதில்லை. காவலர்கள் கைதியின் மூட்டையைச் சோதித்திருப்பார்கள். மண்டையை எப்படிச் சோதிப்பது?

விடுதலையும் ஒரு புத்தகத்தால்தான் வந்தது என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபிதா எழுதிய 'தக்வீமுல் புல்தான்' என்ற அரபுப் புவியியல் நூலை மொழிபெயர்த்துத் தரும்படி ஆங்கிலேயர் ஒருவர் கேட்டாராம். முஃப்தி முடித்துக் கொடுத்தார், பரிந்துரை போயிற்று. ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொல்லும் நூல், இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாதவரை ஊருக்கு அனுப்பிவைத்தது.

ஊர் திரும்பியவர் கான்பூரில் ஃபைஸே ஆம் மதரஸாவை நிறுவிப் பாடம் நடத்தினார். பிறகு, அதுவரை எழுத்தில் நடந்த ஹிஜாஸுக்குக் கப்பலேறினார். 1863இல் ஜித்தாவை நெருங்கும்போது கப்பல் பாறையில் மோதி அவரோடு மூழ்கியது. செங்கடலின் அந்தக் கரை நெடுக நீருக்கடியில் பவளப்பாறைகள். மாலுமிகளுக்கு எப்போதும் தலைவலி.

அவரோடு அந்தமானில் இருந்த ஃபஸ்லே ஹக் கைராபாதி 1861இல் அங்கேயே இறந்தார். போர்ட் பிளேரிலுள்ள அவர் அடக்கத்தலத்துக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். காகோரவிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. மாணவர்கள் இருக்கிறார்கள்: இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மதரஸாப் பையன்கள் 'இல்முஸ் ஸீகா'வை விரித்து வைத்துக்கொண்டு அரபு வினைவடிவங்களோடு இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.