தூங்கும்போதும் கையில்

ராத்திரி படுக்கும்போது நான் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு படுக்கிறேன். சாதாரணக் கடிகாரம் இல்லை, ஸ்மார்ட்வாட்ச். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தம்பி போன வருசம் லீவில் வந்தபோது கொடுத்தது. 'கூட்டத்துல பேசுறவளுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலாக்கும்' என்று தோழர்கள் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். நம்ம சனங்க அடியையும் வெட்டையும் பற்றி மட்டும்தான் எழுதணும், தூக்கத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று எவனும் சட்டம் போட்டு வைக்கவில்லை.

எனக்குத் தூக்கம் போனது 2023 ஆகஸ்டில். அந்த மாதம் 9ஆம் தேதி ராத்திரி நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. ராதாபுரத்திலிருந்து நாங்குநேரி அப்படியொன்றும் தூரமில்லை. அன்றையிலிருந்து ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு திடுக்கென்று தூக்கிப்போடும். அடிக்காவிட்டாலும், இப்போது அடிக்கப்போகிறது என்று கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, 'எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தூங்குகிறவளுக்குத் தான் தூங்கின கணக்கு எப்படித் தெரியும்? அதைச் சொன்னதும்தான் தம்பி இந்தக் கடிகாரத்தை வாங்கிவந்தான்.

கறுப்புப் பட்டை. வேண்டுமென்றே கறுப்பாகப் பார்த்து வாங்கினானாம். திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே மணிக்கட்டு என்பது வெறும் மணிக்கட்டு இல்லை. எந்தக் கலர் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்து எந்தச் சாதி என்று தெரிந்துகொள்கிற ஊர் இது. அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக்கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது காகிதத்தோடு நின்றுபோனது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறைக் கழற்றத்தான் சொன்னது. கடிகாரத்துக்கு மாட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விதவிதமாகப் பட்டை விற்கிறார்கள். கடிகாரம் செய்த எவனும் ராதாபுரம் பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்து அதற்குக் கலர் அடித்திருக்க மாட்டான். தம்பிக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டு தெரியும்.

இந்தக் கருவி எப்படித் தூக்கத்தைக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். நாடி துடிக்கிற ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும். திரும்பி வருகிற வெளிச்சமும் அதற்கேற்றபடி குறைந்து கூடும். அதை வைத்து இதயத் துடிப்பை எண்ணுகிறது. கை அசைகிறதா என்று பார்க்க இன்னொரு உணர்கருவி. துடிப்பு தணிந்து, அசைவும் நின்றால் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான். மூளைக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதனால் நான் முழித்துக்கொண்டே, அசையாமல் மோட்டைப் பார்த்துக் கிடந்த நேரத்தையும் சில நாள் 'லேசான தூக்கம்' என்று கணக்கில் சேர்த்துவிடுகிறது.

தோலின் கறுப்பும் அந்தப் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டினார்களே ஆக்சிஜன் பார்க்கிற கிளிப், அதன் சங்கதி இன்னும் மோசம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கிடப்பதை அந்தக் கருவி வெள்ளைக்கார நோயாளிகளிடம் தவறவிடுவதைவிட, கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டது. கருவிக்குச் சாதியும் நிறமும் கிடையாது என்று பேசுகிறவர்கள் அதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

இனி சார்ஜ். ராத்திரியிலும் கட்டுகிறவர்களுக்கு இதுதான் பெரிய ரோதனை. கடிகாரம் என்றால் பகலில் கட்டுவது, ராத்திரி கழற்றிச் சார்ஜ் போடுவது என்றுதான் முதலில் இருந்தது. 2015இல் வந்த ஆப்பிள் கடிகாரத்துக்குப் பேட்டரி 18 மணி நேரம் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. தூக்கத்தை அளக்கும் வேலையை அவர்கள் தங்கள் கடிகாரத்தில் சேர்த்தது 2020இல்தான். நம்மூர் விலை குறைந்த கடிகாரங்கள் ஒரு வாரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும்; ராத்திரியும் கட்டி, ஆக்சிஜன் பார்ப்பதையும் போட்டுவிட்டால் என் கடிகாரம் மூன்று நாள் தாங்குகிறது. நடுராத்திரியில் செத்துப்போனால் அன்றைய கணக்கு பாதியில் நின்றுபோகும். அதனால் சாயங்காலம் குளிக்கப் போகும்போது சார்ஜில் போட்டு, சோறு தின்று முடிக்கிற வரை விட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் இரண்டுதான். ஒன்றில் டிவி, இன்னொன்றில் போன், மிக்சி, கடிகாரம் என்று முறைவைத்துப் போட வேண்டும். நூறு வரை ஏற்றவும் வேண்டாம், சுத்தமாக இறங்கவும் விட வேண்டாம், வெக்கையில் வைக்க வேண்டாம், லித்தியம் பேட்டரி அப்படியானால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தம்பி போனில் சொல்வான். கையைத் தூக்கினால் திரை எரிவதை ராத்திரிக்கு நிறுத்திவிட்டேன். ஆக்சிஜன் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். இப்போது ஐந்து நாள் வருகிறது. போன் வந்தால் கையில் அதிர்வதை மட்டும் நிறுத்த முடியவில்லை. நான்கு பேர் நம்பருக்கு மட்டும் அதிரும்படி வைத்திருக்கிறேன். அந்த நான்கு பேரில் ஒருவர் கூப்பிட்டால், எங்கேயோ யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கரண்டுக்கு எங்கள் தாலுகாவில் பஞ்சம் என்று சொல்லக் கூடாதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. தெற்கே கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு அணு உலை ஓடுகிறது. ஆனாலும் மழைக்காற்று வீசினால் எங்கள் தெருவில்தான் முதலில் இருட்டு.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு சொல்வாள்: 'ஏட்டி, தூங்குனமா இல்லையான்னு ஒனக்குத் தெரியாதா? அது சொல்லித்தான் தெரியணுமாக்கும்? ஒங்கப்பா கணக்குப் பாத்தா தூங்குனாவ?'

அப்பா கணக்குப் பார்க்கவில்லை. அப்பாவின் தூக்கத்தைக் கணக்குப் பார்த்தது வேறு ஆள். ஒரு பண்ணையாரின் வாழைத்தோட்டத்தில் தண்ணி பாய்ச்சுவது அப்பா வேலை. மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு வேண்டும். பெரும்பாலும் ராத்திரிதான் வரும். எத்தனை மணிக்கு என்று நிச்சயம் கிடையாது. பம்புசெட் ரூம் வாசலில் ஒரு குண்டு பல்பு. கரண்டு இல்லாதபோதே அதற்கு ஸ்விட்சைப் போட்டு வைத்துவிட்டு, அதற்கு நேர் கீழே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். பல்பு எரிந்து வெளிச்சம் கண்ணில் குத்தினால் எழுந்திருக்க வேண்டும். மோட்டாரைப் போட்டு, மம்பட்டியோடு மடை மடையாகத் திருப்பிவிட வேண்டும். கரண்டு நின்றால் மறுபடி பல்புக்கு அடியில் வந்து படுக்க வேண்டும். சின்னப் பிள்ளையில் நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சில நாள் அங்கேயே பக்கத்தில் படுத்திருக்கிறேன். அப்பா ஒருபோதும் மல்லாந்து நிம்மதியாகப் படுத்துப் பார்த்ததில்லை. எரிகிறதா என்று தூக்கத்திலும் இமை துடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பண்ணையார் வந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, 'எத்தன மணி நேரம்ல ஓடுச்சு?' என்பார். அப்பா கையில் கடிகாரம் கிடையாது. வெள்ளி முளைத்ததையும் கோழி கூவினதையும் வைத்து ஒன்று சொல்வார். பண்ணையார் அதில் பாதியைத்தான் எழுதுவார்.

எம்.ஏ. படிக்கும்போது ஒரு தோழர் கொடுத்து, ஈ.பி. தாம்சன் என்கிற ஆங்கில வரலாற்றாசிரியர் 1967இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நேரமும் தொழிலாளியும் பற்றியது. இங்கிலாந்தின் பழைய ஆலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் சாயங்காலம் பின்னே தள்ளியும் வேலை வாங்கினார்களாம். தொழிலாளி சொந்தமாகக் கடிகாரம் வைத்துக்கொள்ளப் பயப்பட வேண்டியிருந்தது. நேரம் தெரிந்தவன் என்றால் வேலை போய்விடும். படித்தபோது எனக்குப் பண்ணையாரின் கை ஞாபகம் வந்தது.

இப்போது அது தலைகீழாகிவிட்டது. அன்றைக்குக் கடிகாரம் கட்டினால் வேலை போனது. இன்றைக்குக் கழற்றினால் சம்பளம் போகிறது. 2020 வாக்கில் சண்டிகரிலும் பக்கத்தில் அரியானாவின் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிவிட்டது மாநகராட்சி. நாக்பூர் போன்ற வேறு நகரங்களிலும் இது நடந்தது. 'மனிதத் திறன் கண்காணிப்பு முறை' என்று அதற்குப் பெயர். தொழிலாளர்களில் பெரும்பாலோர் வால்மீகி சாதியார், நம்மூரில் அருந்ததியரைப் போல. கடிகாரத்தில் சிம் இருந்தது, கேமரா இருந்தது, பேசுவதைக் கேட்கும் மைக் இருந்தது. எந்தத் தெருவில் நிற்கிறாள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவன் திரையில் புள்ளியாக ஓடும். கழற்றினாலோ அணைந்துபோனாலோ சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். போராட்டமும் நடந்தது.

இதில் என்னை உலுக்கிய விசயம் சார்ஜ்தான். கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, காலையில் நிறையப் பேட்டரியோடு வர வேண்டியது தொழிலாளியின் பொறுப்பு. கடிகாரம் மாநகராட்சியுடையது; கரண்டு பில் அவளுடையது. வேலை மதியத்தோடு முடிந்துவிடும், கடிகாரம் முடியாது. ராத்திரி அவள் படுக்கிற அறையில், பிள்ளைகள் தூங்குகிற இடத்தில், கேமராவும் மைக்குமாகக் கிடக்கும். கக்கூசுக்குப் போகும்போதும் துணி மாற்றும்போதும் அந்தக் கேமரா பார்க்கிறதோ என்று பெண்கள் பயந்தார்கள். பார்க்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். பார்க்க முடிகிற ஒன்றை என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொன்னால் நான் எப்படித் தூங்குவது? அப்பா தலைக்கு மேலே தொங்கிய பல்பு அங்கே போய் எரிகிறது.

சண்டிகர் எங்கேயோ இருக்கிறது என்று இருந்துவிட முடியாது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கு செல்போன் செயலியைக் கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. மம்பட்டி பிடித்த பெண்கள் போட்டோவுக்காக வரிசையில் நிற்பதை எங்கள் குளத்தங்கரையில் பார்த்தேன். சென்னையில் 2025 ஆகஸ்டில் துப்புரவுத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் ராப்பகலாகக் கிடந்தார்கள். நடுராத்திரியில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். நாளைக்கு அங்கே வரும் ஒப்பந்தக்காரன் கடிகாரத்தோடு வர மாட்டான் என்று எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது.

'நீ மட்டும் ஏன் கட்டியிருக்க?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தூக்கக் கணக்கும் போன் வழியாக ஏதோ ஒரு கம்பெனியின் கணினிக்குத்தான் போகிறது. அது எனக்குத் தெரியும், உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இதைக் கட்டச் சொல்லி எவனும் சொல்லவில்லை. கழற்றி உரலில் போட்டு இடித்தாலும் எவனும் என் கூலியில் கை வைக்க முடியாது. மூன்று மாதக் கணக்கை டாக்டரம்மாவிடம் காட்டினேன். பெரும்பாலான நாள் நாலரை மணி நேரம். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக எங்கள் தூக்கத்தின் கணக்கு எங்கள் கையில் இருக்கிறது. அப்பாவின் இருபது வருச ராத்திரிக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் பண்ணையார் பாதியை எழுதியிருக்க முடியாது.

அதனால் கடிகாரமே வேண்டாம் என்று கோசம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சட்டம் நம் பக்கம் முழுசாக இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சம்பந்தமான காரியம் என்றால் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே முதலாளி தரவை எடுத்துக்கொள்ள வழிவிட்டு வைத்திருக்கிறது. சங்கத்தில்தான் பேச வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போகிற பொருளாகக் கடிகாரம் இருக்கட்டும், விளக்குமாறு மாதிரி. சார்ஜ் அலுவலகத்துச் சுவரில், அலுவலகத்துக் கரண்டில். கேமராவும் மைக்கும் இருக்கக் கூடாது. அது எழுதுகிற கணக்கின் நகல் மாதாமாதம் தொழிலாளி கையில் தமிழில் வர வேண்டும். எத்தனை நாள் கூடுதல் நேரம் உழைத்தாள் என்பதும் அதில் இருக்கும், அதற்கும் கூலி கேட்கலாம். போன மாதம் வள்ளியூரில் நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, பேரூராட்சியில் பெருக்குகிறவர், எழுந்து கேட்டார்: 'அது செத்துப்போச்சுன்னா அன்னைக்குச் சம்பளம் உண்டா, அத மொதல்ல எழுதிக்கோங்க.' எழுதிக்கொண்டோம்.