‘போல’ நிற்கும் இடம்

யாராவது கவிதை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் நான் முதலில் தேடுவது ‘போல’ எங்கே இருக்கிறது என்பதைத்தான். அது நிற்கும் இடத்தில், இரண்டு பொருள்களும் எதனால் ஒத்துப்போகின்றன என்று கேட்டுப் பார்ப்பேன். தொல்காப்பியர் உவமவியலில் நான்கு வழி சொல்லியிருக்கிறார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நிறையப் பேர். எழுத உட்காரும்போது கையில் எடுக்க வேண்டிய கருவி இது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் என்னிடம் கவிதை படிக்க வருகிறவர்கள் எங்கள் ஏரியைப் பற்றி எழுதாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் ‘ஏரி கண்ணாடி போல’ என்றுதான் தொடங்கும். பார்த்ததும் தோன்றுகிற உவமை. தோன்றிய வேகத்திலேயே மறந்தும் போகும். தோற்றத்தை விட்டுவிடுங்கள், ஏரி என்ன செய்கிறது என்று கேட்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் என்ன ஆகும் என்று தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பையன் யோசித்துவிட்டு இப்படி எழுதினான்:

பழைய பத்திரத்தோடு
எல்லை பார்க்க வந்தவர் போல
வாசலில் நிற்கிறது ஏரி.

இது வினையால் வந்த உவமை. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் ஏரிகளை ஒட்டி மனைகள் எழுந்த கதை முழுவதும் இதற்குள் வந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஏரி பாவம் என்று புலம்பவும் இல்லை. இரண்டாவது அடியை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். ‘போல’ போனதும் எல்லை பார்க்க வந்தவரும் போய்விட்டார். ஏரியே சொந்தக்காரராகி வாசலில் நின்றது. எனக்கு அதுதான் பிடித்தது. வெள்ளம் இயல்பாக ஏறி வருகிறது, அதற்கு ஒரு நோக்கத்தைக் கவிஞன் ஏற்றுகிறான் என்று பார்த்தால், இது தற்குறிப்பேற்றத்தின் வாசலிலும் நிற்கிறது.

தற்குறிப்பேற்றம் என்றதும் எல்லோரும் சொல்வது சிலப்பதிகாரத்து மதுரைக் கொடிகளை. புறஞ்சேரி இறுத்த காதையில், கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவது கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ காண்கிறார். எந்த ஊர்க் கோட்டையிலும் கொடி அசையும். இங்கே அது நம்மை உலுக்குவதற்குக் காரணம், கோவலனுக்கு அங்கே என்ன நேரும் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. புகாரில் அவர்கள் நன்றாக வாழ்ந்த நாளில் இதே கொடி ஆடியிருந்தால் வெறும் அலங்காரமாகத்தான் இருந்திருக்கும். ஓர் அணிக்கு அதன் இடம்தான் உயிர் கொடுக்கிறது. எடுத்துக்காட்டைத் தனியே பிய்த்துப் படிக்கிறபோது நாம் இழப்பது அதைத்தான்.

ஓசையைப் பற்றிக் கொஞ்சம். மோனை என்றால் ஒரே எழுத்தை அடி முழுக்க அடுக்குவது என்று நினைக்கிறார்கள். மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த காது அப்படி. நாற்சீர் அடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனையில் சேர்ந்தால் பொழிப்பு மோனை. அது போதும். ‘ஏரியின் ஓரம் இரவெல்லாம் தவளை’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் ஏகாரத்துக்கு இகரம் இன மோனையாக நின்று, நடுவில் குரலுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. யாப்பே வேண்டாம் என்று எழுதுகிறவருக்கும் இந்தப் பிடி உதவும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது, சொல்லாமல் விடும் கலை. கருப்பொருளை மட்டும் காட்டிவிட்டு மனத்தில் இருப்பதை மறைப்பது, அதாவது உள்ளுறை. உள்ளுறைக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே நிலைக்களம் என்று தொல்காப்பியம் வரம்பு கட்டுகிறது. மரமும் பூவும் பறவையும் விலங்கும் போதும் என்ற அந்த உறுதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பூ என்றதும் எனக்கு முல்லைதான் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே திருமுல்லைவாயில் இருக்கிறது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிப்போட்ட கதையைச் சுந்தரர் தம் பதிகத்தில் வைத்திருக்கிறார். அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் கசிந்தது என்கிறது தலபுராணம். பறம்பில் பாரி முல்லைக்குத் தேரை விட்டுப்போனான். இங்கே ஓர் அரசன் வாளை ஓங்கினான். இத்தனை கதை சுமந்த பூவை வெறும் வாசனைக்காக எழுதுகிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு.

முல்லைத் திணையின் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். தலைவன் வினைமேல் போயிருக்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். காடு போய்விட்டது, இனி முல்லை ஏது என்று கேட்பவர்களை ஆவடியில் ஒரு சுற்று நடந்து பார்க்கச் சொல்வேன். துணை ராணுவ முகாம், விமானப்படை, டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. எல்லையில் வேலை பார்க்கும் கணவன் எப்போது லீவில் வருவான் என்று நாள் எண்ணும் வீடுகள் இங்கே எத்தனையோ.

அப்படி ஒரு வீட்டுப் பெண் எழுதிய கவிதையில் ஏக்கம், தவிப்பு, கண்ணீர் எல்லாம் வரிக்கு வரி இருந்தன. உண்மையான துயரம், ஆனால் படிப்பவருக்கு உணர ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சொற்களை அடித்துவிட்டால் என்ன இருக்கும் என்று பார்த்தோம். சாயங்காலம், மழை மேகம், தெருவில் முல்லைச் சரம் விற்கும் பூக்காரம்மா. இவ்வளவுதான் மிஞ்சியது.

தண்டியலங்காரம் பொருளணியியலில் சொல்லும் 35 அணிகளில் முதலில் நிற்பது தன்மை, அடுத்துத்தான் உவமை. உள்ளதை உள்ளபடி, அதன் இயல்பு தோன்றச் சொல்வதை முதல் அணியாக வைத்திருக்கிறார்கள். அலங்காரமே இல்லையே என்று மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். “பூக்காரம்மா வந்தா நீங்க என்ன பேசுவீங்க, அதை மட்டும் எழுதுங்கம்மா” என்றேன்.

“அவர் ஊர்ல இருந்தா ரெண்டு முழம் வாங்குவேங்கய்யா. இல்லாதப்போ சாமி படத்துக்கு மட்டும் ஒரு முழம்.”

“அதுதான் கவிதை.”

மறுவாரம் கொண்டுவந்தார். பழக்கத்தில் இரண்டு முழம் அளக்கப் போகும் கையைப் பார்த்து, “ஒண்ணு போதும்க்கா” என்கிறாள் அந்தப் பெண். கணவன் என்ற சொல் எங்கும் இல்லை. இலக்கணம் கறாராகப் பார்த்தால் இதை உள்ளுறை என்று சொல்ல முடியாது, கருப்பொருளின் வழியே குறிப்பாகப் பொருள் தோன்றும் இறைச்சிக்குப் பக்கத்தில் வரும் என்றேன். தலைப்பு ‘காத்திருப்பு’ என்று இருந்தது. அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.