நிறம் ஓடும் இரும்பு

முட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து அம்மாண்டிவிளைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பு ஓரமாக ஒரு கொல்லம்பட்டறை இருந்தது. கடற்கரையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. புத்தம்புது ஆணிகூட உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது, சிவந்துவிடும். அதனால் பட்டறையில் வேலை ஓய்ந்து நான் பார்த்ததில்லை. நங்கூரம், சுறா பிடிக்கிற தூண்டில்முள், வெட்டோத்தி என்கிற வெட்டுக்கத்தி, மீன் நறுக்குகிற பிச்சாத்தி, கல்லுடைக்கிறவர்களின் உளி என்று வாசலில் எப்போதும் ஒரு குவியல் கிடக்கும்.

கடல் கலங்கிக் கிடக்கிற நாள்களில் பாட்டா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். தோல் துருத்தி போய், கையால் சுற்றுகிற காற்றாடி வந்திருந்த காலம். சுற்றுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். சிரட்டைக்கரி பொரிந்து தீப்பொறி கூரைவரை எழும்பும். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் வந்தபிறகு எங்கள் ஊர்ப் பாறைகளைப் பார்க்க வெளியூர் ஆட்கள் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தைவிட உலை பெரிதாகத் தெரிந்தது.

யார் எதைக் கொண்டுவந்தாலும் பட்டறை ஆசாரி முதலில் கேட்பது ஒன்றுதான்: “இத வச்சு என்ன செய்யப் போறீரு?” கூலி, கிடைக்கிற நாள் எல்லாம் அதற்கு அப்புறம். நல்ல கெட்டியாக அடித்துக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “கெட்டின்னா எதுக்குக் கெட்டி? வெட்டுகதுக்கா, இழுக்கதுக்கா, அடி வாங்குகதுக்கா?” என்பார்.

கல்லுளிக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். முனையை அடித்துக் கூராக்கி, மறுபடி உலையில் வைத்துச் செக்கச் சிவக்கவிடுவார். வெளியே எடுத்ததும் முழு உளியையும் முக்கமாட்டார். முனையில் இரண்டு விரற்கடை மட்டும் தண்ணீருக்குள் போகும். சுர்ரென்ற சத்தம் அடங்கியதும் எடுத்து, உடைந்த செங்கல்லில் முனையை நாலு தேய்ப்புத் தேய்த்து வெள்ளையாக்குவார். பிறகு நிழல் பக்கம் திரும்பி அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். பின்பக்கம் மிச்சமிருக்கும் சூடு மெல்ல முன்னே வரும். வெளுத்த இரும்பின்மேல் முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதை விரட்டிக்கொண்டு ஊதா, கடைசியில் மயில்கழுத்து நீலம். நிறங்கள் வரிசையாக முனையை நோக்கி ஓடும். பழுப்பு ஊதாவாகத் திரும்புகிற நொடியில் உளி மறுபடி தண்ணீருக்குள் இருக்கும்.

“மஞ்சள்ல நிறுத்துனா முனை தெறிச்சுப் போவும் மக்ளே. நீலம் வரட்டும்னு இருந்தா மழுங்கிப் போவும். ரெண்டுக்கும் நடுவுல பிடிக்கணும்.”

சுறாமுள்ளுக்கு அவரே நீலம் வரும்வரை காத்திருப்பார். பெரிய சுறா இழுக்கும்போது முள் நிமிரவும் கூடாது, ஒடியவும் கூடாது; கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

தோய்ச்சல் பானையில் இருந்தது உப்புத்தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் கடல்தண்ணீரின் உப்பு அவருக்குப் போதாது. மேற்கொண்டு புத்தளத்து உப்பை இரண்டு கை அள்ளிப் போடுவார். சிவந்த இரும்பை நல்ல தண்ணீரில் முக்கினால் சுற்றிலும் நீராவி ஒரு போர்வையாகப் படிந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். உப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். இரும்பு இன்னும் வேகமாகக் குளிரும். அவர் சொன்னது வேறு மாதிரி: “உப்புத்தண்ணிக்குக் கோபம் கூடுதல்.”

அந்தக் கோபம் எல்லா இரும்புக்கும் ஆகாது. வெட்டோத்தி அடிக்க வருவது பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதற்குத் தனியாக ஒரு டின்னில் கறுத்துப்போன எஞ்சின் ஆயில் இருக்கும். ஒருநாள் கூட வேலை பார்த்த பையன் அவசரத்தில் ஒரு வெட்டோத்தியை உப்புப் பானையில் இறக்கிவிட்டான். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் வாயோரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். ஆசாரி திட்டவில்லை. அதைப் பட்டடையில் ஒரு தட்டுத் தட்டி இரண்டாக்கி, உடைந்த வாயை எங்களிடம் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கியது.

நங்கூரத்தின் கதை இதற்கு நேர்மாறு. எங்கள் கடலடியில் பார் என்கிற பாறைத்திட்டு அதிகம். பாறை இடுக்கில் நங்கூரம் மாட்டிக்கொண்டால் எடுக்கிற பாடு கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் அதன் கைகளைச் சாதாக் கம்பியிலேயே செய்வார்; தோய்ச்சல் கிடையாது. மாட்டினால் பலங்கொண்டு இழுக்க வேண்டியது. கைகள் நிமிர்ந்து வழிவிட்டுவிடும். பாட்டா சொல்வார்: “நங்கூரம் விட்டுக்குடுக்கணும். இல்லேன்னா கயிறு அறும்.” நிமிர்ந்துபோன நங்கூரத்தை ஆசாரி மறுபடி வளைத்துக் கொடுப்பார். திரும்பத் திரும்ப வளைத்த கம்பி முறுகிப்போகும் என்பதால், சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுவார். மறுநாள் அது பழைய இளக்கத்துக்கு வந்திருக்கும்.

மெல்ல ஆறவைத்தால் இளகும், சட்டென்று குளிரவைத்தால் இறுகும் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த வேளையில், பெல்ஜியம் நாட்டுக்காரர் பியர் ஜில்லே முட்டத்தில் படகு கட்டும் மையம் ஒன்றை ஆரம்பித்தார். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் படகு செய்கிற வித்தையை அங்கேதான் கண்டேன். கட்டுமரத்துக்கு மாற்றாக வந்த அந்தப் படகுக்குக் ‘கொட்டுமரம்’ என்று பெயர். பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, கம்பியைக் கோத்து, குறடால் முறுக்குவார்கள். முறுக்கு கூடினால் கம்பி பட்டென்று அறுந்துவிடும். அப்படி முறுகிய துண்டு ஒன்றை வாங்கி வந்து ஆசாரியிடம் நீட்டினேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பைப்போல இதுவும் விறைத்திருக்கும் என்று எடுத்தால், நூலாக வளைந்தது. “செம்புக்கு வேற சட்டம் மக்ளே” என்றார்.

இதற்கெல்லாம் காரணம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபிறகு தெரிந்தது. 727 டிகிரி செல்சியஸுக்கு மேலே எஃகுக்குள் அணுக்களின் அடுக்கு மாறுகிறது. எஃகில் இருக்கும் கரி (கார்பன்) அதில் கரைந்துகொள்கிறது. மெல்ல ஆறினால் கரி பிரிந்து வெளியே வர நேரம் கிடைக்கும். சட்டென்று குளிர்ந்தால் வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டி, அடுக்கையே திருகிவிடும். ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று அழைக்கப்படும் இந்த நிலையில் எஃகு கடினமாக இருக்கும், நொறுங்கவும் செய்யும். மறுபடி இளஞ்சூடு காட்டுவது அந்த நொறுங்கும் குணத்தைத் தணிக்கத்தான். ஸ்பிரிங் பட்டையில் மாங்கனீசு, சிலிக்கான், குரோமியம் போன்றவை கலந்திருப்பதால் எண்ணெயின் நிதானத்திலேயே அது இறுகிவிடும். உப்புத்தண்ணீரின் வேகம் அதைப் பிளந்துவிடும். சுத்தச் செம்பில் இப்படி அடைத்துவைக்கக் கரியும் இல்லை, மாறுகிற அடுக்கும் இல்லை. வளைத்து முறுகியதைச் சூடு நீக்கிவிடும். தண்ணீர் வெறுமனே ஆற்றுகிறது. உளியில் ஓடிய நிறங்கள் இரும்பின் மேல் படியும் ஆக்சைடு படலத்தின் கனத்தால் வருபவை. மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் 300-ஐ ஒட்டி. ஆசாரி வெயிலில் பார்க்காமல் நிழலுக்குத் திரும்பியதன் பொருளும் அன்றுதான் விளங்கியது: வெளிச்சம் கூடினால் நிறம் ஏமாற்றிவிடும்.

கடினம் வேறு, உறுதி வேறு, இழுத்தால் நீளும் தன்மை வேறு, அடியைத் தாங்கும் தன்மை வேறு என்று அங்கே தனித்தனிப் பாடமாக நடத்தினார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று பெரும்பாலும் குறையும். நான்கையும் ஒருசேர உச்சத்தில் தருகிற எஃகு கிடையாது. அதனால் வேலை தெரியாமல் இரும்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. வகுப்பில் அதை ஒரு தனி அத்தியாயமாகப் படித்தோம். பட்டறையில் அது ஒரே கேள்வி.

ஆசாரி போய்ப் பட்டறையும் போய்விட்டது. போன தடவை ஊருக்குப் போனபோது, சந்தையில் மீன் நறுக்குகிற மைனிக்குக் கடையில் வாங்கிய பளபளப்பான எவர்சில்வர் கத்தி ஒன்றைக் கொடுத்தேன். நாலு மீன் நறுக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். ஆசாரி அடித்த பழைய பிச்சாத்தியை எடுத்துக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டாள்.

“துரு பிடிச்சா தேச்சுக்கிடலாம்” என்றாள். “வாய் எடுக்காத கத்திய வச்சு என்ன செய்ய?”