கோல் தெரிகிறது... முழங்கால் தெரிகிறதா? வைத்திக்குப்பம் சொல்லும் கால்பந்துக் கதை!

புதுச்சேரி காந்தி சிலையிலிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால், பழைய சாராய ஆலையைத் தாண்டி, குருசுக்குப்பத்தை அடுத்து வருகிறது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கரை இதுதான். மற்ற நாள்களில் படகு, வலை, மீன் வியாபாரம். வெயில் தாழ்ந்தால் பையன்களின் பந்து!

1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட, இந்தப் பக்கம் கடல் அரித்தது. கருங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றினார்கள். மணல் குறைந்தால் வலை உலர்த்த இடம் போகிறது. பிள்ளைகளுக்கோ மைதானமே போகிறது.

அப்படியும் மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குத் தனி வலு உண்டு. பள்ளி அணி, அடுத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி என்று நீளும் கனவு அது. சீட்டு கிடைத்ததும் எல்லாம் முடிந்ததாக வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அங்கேதான் நெருக்கடி ஆரம்பம். விடியற்காலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மறுபடி பயிற்சி. போட்டிக்குப் போன நாளில் நடத்திய பாடத்தை யார் சொல்லித் தருவது? ஓர் அரியர் விழுந்தால், "பந்தைத் தூக்கிப் போடு" என்பதுதான் முதல் பேச்சு.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு சுமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வருமானம் இருக்காது. செமஸ்டர் தேர்வு, அடுத்த வருடக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்!

கன்னியாகுமரி மாவட்ட மீனவ கிராமமான இரவிப்புத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். வரை உயர்ந்தவர் மைக்கேல் சூசைராஜ். 2020 நவம்பர் 20-ம் தேதி, சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம். அந்த சீசன் முழுக்க வெளியே. அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது. கல்லூரி மாணவருக்கு? ஏ.சி.எல். கிழிந்தால் திரும்பி வர ஒன்பது மாதம்கூட ஆகலாம். மூன்று வருடப் படிப்பில் அது கால் பங்கு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 25 வயதுக்கு மேல் ஆடவும் முடியாது.

பக்கத்துக் கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியதோடு, தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனார். பெற்றோர் பந்துக்குச் சம்மதிப்பது இப்படி ஒரு வேலையை நம்பித்தான். தொழில்முறை லீக் மட்டும் போதுமா என்றால், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது பெரிய வீரர்களே தவித்ததைப் பார்த்தோம்.

கரையில் நிற்கும் ரசிகருக்கு கோல் அடித்த பையனும் தெரியும், பெனால்டியைத் தவறவிட்ட பையனும் தெரியும். முன்னவனைத் தோளில் தூக்குவார்கள். பின்னவனை ஒரு வாரம் கிண்டலடிப்பார்கள். காலில் கட்டுப்போட்டு வீட்டில் கிடப்பவனை மட்டும் மறந்துவிடுவார்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். "எத்தனை கோல்?" என்பதோடு, "முட்டி எப்படிப்பா இருக்கு? பரீட்சை எழுதினியா?" என்றும் கேளுங்கள். கைத்தட்டலைவிட அது அதிக நாள் நிற்கும்.