கைக்கு எட்டும் ஹேண்டில்பார்

க்ரூஸர் வண்டி எடுத்த கையோடு அதில் எதையாவது மாற்றத் துடிக்காத இளைஞரை நான் பார்த்ததில்லை. ஹேண்டில்பார், சைலன்சர், கண்ணாடி, இண்டிகேட்டர், சீட் என்று பட்டியல் வண்டி வீட்டுக்கு வருமுன்பே தயாராகிவிடுகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வெளிவரும் இயந்திரங்களில் ஒன்றைத் தனக்கென்று ஆக்கிக்கொள்ள நினைப்பது பற்றுதலால் வருவது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் தங்க நிறக் கோட்டை நெடுங்காலம் கையாலேயே இழுத்தார்கள். அந்தக் கைவேலையை ரசிக்கிற எவரும், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கட்டும் என்று அடம்பிடிக்க மாட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒன்றை மாற்றுவதற்கு முன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த காலத்திலும், குடும்பத்திலும், ஓய்வுபெற்று வீட்டு வாசலில் வண்டிகளைக் குடைந்துகொண்டிருக்கும் இப்போதும் எனக்கு உறுதிப்பட்ட பாடம் இது.

என் தங்கை பேரன் புல்லட் கம்பெனியின் சூப்பர் மீட்டியர் 650 க்ரூஸர் வாங்கினான். 2023 தொடக்கத்தில் இங்கே விற்பனைக்கு வந்த மாடல். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ் திறன். அந்தக் கம்பெனியின் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி வண்டிகளிலும் இருக்கும் அதே இன்ஜின்தான். உட்காரும் தோரணையில் சாவகாசம், ஆக்சிலேட்டரைத் திருகினால் வேகம். 241 கிலோ எடை. வண்டியை என்னிடம் காட்ட வந்த அன்றே பட்டியலும் வந்துவிட்டது.

"தாத்தா, ஹேண்டிலை உசத்தணும், பின்னாடி டயரை இன்னும் அகலமாக்கணும், சைலன்சரை மாத்தணும். நீங்க கூட இருந்து செஞ்சு குடுங்க."

"செய்யலாம்டா. முதல்ல ஒரு மழைக்காலம் இப்படியே ஓட்டு. அப்புறம் ஒவ்வொண்ணா பேசுவோம்."

முகம் வாடியது. ஆனாலும் கேட்டான். திருச்சிக்கும் தஞ்சாவூருக்குமாக வேலைக்குப் போய்வந்தான். மழை ஓய்ந்து திரும்பி வந்தபோது அவன் பட்டியலே மாறியிருந்தது. அகல டயரைப் பற்றிப் பேச்சே இல்லை. மணிக்கட்டு மரத்துப்போகிறது, முதுகுத்தண்டின் அடிப்பகுதி வலிக்கிறது என்றான். வாங்கிய அன்று அவன் கேட்டதெல்லாம் படத்தில் பார்த்தவை. இப்போது கேட்பது உடம்பு சொல்லிக் கொடுத்தவை. இந்த இரண்டாவது பட்டியலுக்காகத்தான் அவனைக் காத்திருக்கச் சொன்னேன்.

மணிக்கட்டிலிருந்து தொடங்கினோம். பக்கத்து வீட்டுப் பையனை வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பேரனைக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் உட்காரச் சொன்னேன். தோளைத் தளர்த்தி, கையை நீட்டி, பழக்கப்பட்ட இடத்தில் பிடி என்றேன். கை சரியாக கிரிப்பில் போய் நின்றது. ஆக, ஹேண்டில்பார் அவன் கை நீளத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்து விரல்களை கிளட்ச் லீவர் மேல் வைக்கச் சொன்னேன். அங்கேதான் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியது. லீவர் இருக்கவேண்டியதைவிடச் சற்றுத் தூக்கலாக இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். பிடிப்பானின் ஆலன் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரைச் சற்றே கீழே திருப்பி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். பிரேக் பக்கமும் அப்படியே. பிறகு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, கேபிளோ பிரேக் ஹோஸோ எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டோம். ஒரு ரூபாய் செலவில்லை. மணிக்கட்டு வலி போய்விட்டது.

உயர ஹேண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கு விளக்கினேன். ஹேண்டில் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாமே அதற்கேற்ப நீள வேண்டும். நீளம் போதாமல் விறைப்பாக நின்றால், முழுதாகத் திருப்பும்போது ஆக்சிலேட்டர் தானாகவே இழுபடும். நெரிசலில் வண்டியைத் திருப்பும் நேரத்தில் இன்ஜின் தானாகச் சீறினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் கை மேலே போகப் போக நெஞ்சில் காற்று முழுசாக மோதும். அதை எதிர்த்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கவேண்டி வரும். வலி மணிக்கட்டிலிருந்து தோளுக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அகல டயர் கதையும் இப்படித்தான். பின்சக்கரத்தில் 150 அளவு டயர் இருக்கிறது. அதைவிட அகலமாகப் போட்டால் கம்பீரமாகத் தெரியும், உண்மை. ஆனால் ரிம்மின் அகலம் அதே அளவில்தானே இருக்கிறது? ரிம்முக்குப் பொருந்தாத டயர் பிதுங்கி, அதன் வளைவே கெட்டுப்போகும். செயின் பக்கம் உரச இடமுண்டு. வளைவில் அகல டயர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்கச் சொல்லும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளியோ 135 மில்லிமீட்டர்தான். சாய்க்கச் சாய்க்க ஃபுட்பெக் தரையில் தேயும். முன் ஃபோர்க்கைப் படுத்த வாக்கில் வைத்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1,500 மில்லிமீட்டர் இடம்விட்டு, நேர்சாலையில் ஆடாமல் போகவும் வளைவில் நம்பிக்கையோடு சாயவும் யாரோ சிலர் பாடுபட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் அழித்து வேறு எண்ணை எழுத முடியாது. மற்ற எண்களும் சேர்ந்து அசையும்.

பணிமனையில் ஒருமுறை புதிதாக வந்த மேலாளர், பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கருவிகள் வைக்கும் தட்டியைப் பள்ளத்தின் அருகிலிருந்து எடுத்து மறுகோடிக்கு மாற்றினார். அது ஏன் அங்கே இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு அடியில் பள்ளத்தில் நின்று கிரீஸ் கையோடு வேலை செய்பவர், ஒவ்வொரு ஸ்பானருக்கும் மேலே ஏறி நடக்கவேண்டியதாயிற்று. ஸ்பானரை எடுத்தவர்கள் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சலித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பிலேயே வைக்க ஆரம்பித்தார்கள். கருவிகள் காணாமல் போயின. மேலாளர் நல்லவர், உழைப்பாளி. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கல்யாணமாகிப் புது வீட்டில் கால் வைக்கிறவர்கள், புது வேலையில் சேருகிறவர்கள், அப்பாவின் கடையை ஏற்று நடத்த வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். இருப்பதை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கொஞ்ச காலம் அனுபவித்துவிட்டுச் செய்யுங்கள். பெரியவர்கள் வைத்தது எல்லாமே சரி என்று நான் நினைக்கவில்லை. காரணம் தெரிந்தவன் மாற்றினால்தான் அந்த மாற்றம் நிற்கும்.

அப்படி நின்ற மாற்றங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் கனத்த வண்டிகளின் மட்கார்டை வெட்டி, வேண்டாததைக் கழற்றி, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். துடிப்பான பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் போட்டியாக 1957இல் ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டரைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன், இளைஞர்கள் தங்கள் கொட்டகைகளில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்தார். பெரிய வண்டியின் சட்டகத்தில் ஸ்போர்ட்ஸ்டரின் ஒல்லியான முன்பகுதியைப் பொருத்தி 1971இல் சூப்பர் கிளைடு என்ற வண்டியைக் கொடுத்தார். ஓட்டி ஓட்டித் தேவையை அறிந்தவர்களின் கைவேலை, கம்பெனியின் வரைபடத்துக்கே போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

சைலன்சர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வண்டியின் தாளம் பிறப்பது இன்ஜினுக்குள். கிராங்க் ஷாஃப்ட்டை 270 டிகிரி கோணத்தில் அமைத்திருப்பதால்தான் வெடிப்புகள் சம இடைவெளியில் வராமல் அந்த முரசு நடை கிடைக்கிறது. சைலன்சரை மாற்றினால் தாளம் மாறாது, இரைச்சல்தான் கூடும். தெருவில் கைக்குழந்தை தூங்கும், வயதானவர் மருந்து சாப்பிட்டுப் படுத்திருப்பார். நம் சந்தோஷத்துக்கு அவர்களிடம் வரி வாங்கக் கூடாது. சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கூடுதலாக என்ன பொருத்தினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். விபத்து நடந்த பிறகு அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

பின்னால் சாய்மானம் பொருத்தினோம். அது அவன் பட்டியலில் எப்போதும் இருந்ததில்லை, நான் சேர்த்தது. தனியாள் சீட் போட்டு ஒற்றை ஆளாக ஓட்டும் மோகம் இப்போது பரவியிருக்கிறது. வண்டி யாருக்கெல்லாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவன் மனைவி பின்னால் உட்கார்ந்து திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை போகிறாள். 47 பிஎஸ் முறுக்கும்போது பின்னால் இருப்பவருக்குப் பிடிமானம் வேண்டாமா?

இன்னும் பாக்கியிருப்பது முதுகு வலி. சாதாரண வண்டியில் பள்ளம் தெரிந்தால் காலில் எடையை ஏற்றி இடுப்பைச் சற்றுத் தூக்கிக்கொள்வோம். க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் அது எளிதில் முடியாது. வேகத்தடையின் அடி முழுவதும் முதுகுத்தண்டுக்கு வந்து சேரும். பின் ஷாக் அப்சார்பரின் ஓட்டம் 101 மில்லிமீட்டர்தான் என்பதால் வாங்கிக்கொள்ளும் இடமும் குறைவு. பேரன் சீட்டில் இன்னும் தடியான, மெத்தென்ற ஸ்பாஞ்ச் வைக்கலாம் என்கிறான். மெத்தென்ற ஸ்பாஞ்ச் ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடித்தகடு தட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் டயர் காற்றைப் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை (ப்ரீலோட்) கணவன் மனைவி இருவரின் எடைக்கும் ஏற்பத் திருகிவைத்து ஒரு வாரம் ஓட்ட வேண்டும். அதன் பிறகும் வலித்தால் சீட் தைப்பவரிடம் போய், அடர்த்தியான ஸ்பாஞ்ச் வைத்து, உட்காரும் இடத்தை அகலமாகச் செதுக்கச் சொல்லலாம். மேலுறை தைப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பின்னால் உட்காருகிறவள் முதலில்.